ரிசீவர் நிரம்பிய மத்தியானம்

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட என் தம்பியைத்தான் முதலில் பிடித்தது. குறையாகச் சொல்லவில்லை, நடந்த வரிசையைச் சொல்கிறேன். நான் அந்தத் தொழிற்சாலையின் லேபில் வேலை பார்த்தேன். தம்பியை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மேல்தளத்து ஆபரேட்டரின் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டான். இவன் அவரை மச்சான் என்பான், அவர் இவனை மாப்ளே என்பார். எல்லாப் பையன்களும் கூப்பிட்டுக்கொள்வதுபோல சும்மாதான். கூப்பிட்டுக் கூப்பிட்டே உண்மையாக்கிவிட்டார்கள் என்று எங்கள் கல்யாணத்தில் பேக்கிங் பெண்கள் கேலி செய்தார்கள்.

சோப்புக் கம்பெனிகளுக்கு வாசனை எண்ணெய் வடித்துக் கொடுக்கிற சின்னத் தொழிற்சாலை அது. ஈர மரக்கட்டை வாசம் அடிக்கிற கச்சா எண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்கும். அதைத் திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் கருகி, வாசனையும் போய், தார் மாதிரி ஆகிவிடும். அதனால் மூடிய கெட்டிலில் ஊற்றி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். காற்றில்லாத இடத்தில் எண்ணெய் கொஞ்சச் சூட்டிலேயே கொதித்துவிடும். இதற்குத்தான் வேக்குவம் என்று பெயர். எங்கள் ஆட்கள் வாயில் அது 'வேக்கம்' ஆகியிருந்தது. "இன்னிக்கு வேக்கம் சரியில்ல" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தோன்றும்.

கெட்டில் மேல்தளத்தில். அதிலிருந்து கிளம்பும் ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழ்த்தளத்தில் நிற்கிற ரிசீவரில் விழும். ஆளுயர எஃகுக் கலம், வயிற்றில் நீளமாக ஒரு கண்ணாடி. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அந்தக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். திரவம் கலத்திலேயே தங்கிவிடும், காற்று மட்டும் தலைப்பக்கமாகப் பிரிந்து பம்புக்குப் போகும். பம்புக்குள் எண்ணெய் போனால் பம்ப் கதை முடிந்தது. அது போகாமல் நடுவில் நின்று காவல் காப்பதுதான் ரிசீவருக்குப் பாதி வேலை. அதனால் அதை நிரம்ப விடவே கூடாது.

ரிசீவர் இரண்டு இருந்தன. ஒன்று நிரம்பும்போது மற்றதைக் காலி செய்யலாம், கெட்டிலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் காலி செய்த கலத்துக்குள் வெளிக்காற்று புகுந்திருக்குமே! அந்தக் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகுதான் மேலிருந்து வரும் ஓட்டத்தை அதன் பக்கம் திருப்ப வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் கலத்துக் காற்று குபீரென்று மேலே ஏறி, கெட்டிலில் இருப்பது நுரைத்துப் பொங்கி, வடித்த நல்ல எண்ணெய்க்குள் அழுக்கெல்லாம் வந்து கலந்துவிடும். ஓட்டத்தைத் திருப்புகிற லீவர் மேலே, என் வீட்டுக்காரர் கையில். கலங்களின் வால்வுகள் கீழே, என் தம்பி கையில்.

நடுவில் அந்தப் பம்ப். எருமை கனைக்கிற மாதிரி நாள் முழுக்க ஒரே சத்தம். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் பேச்சே கிடையாது. அதனால் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். இரண்டு தளங்களையும் ஊடுருவிப் போகிற ஒரு பழைய குழாயை ஸ்பேனரால் தட்டுவது. கீழே இருந்து இரண்டு தட்டு வந்தால், 'அடுத்த கலம் தயார், திருப்பு.' மூன்று தட்டினால், 'பொறு.' மேலே திருப்பி முடித்ததும் ஒரே தட்டு, 'திருப்பியாச்சு.' அவ்வளவுதான் அவர்களுடைய மொழி. பம்ப் சத்தத்தையும் மீறி அந்த 'டங்' எலும்புக்குள் வந்து கேட்கும்.

லேப் இரண்டு தளங்களுக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில் இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. நிமிர்ந்தால் வீட்டுக்காரர், குனிந்தால் தம்பி. என் ஆயுளில் நான் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருந்த இடம் வேறு கிடையாது. மேஜையில் வரிசையாக மாதிரிக் குப்பிகள் இருக்கும். மத்தியானத்தில் வெயில் அவற்றில் பட்டு மேஜையெல்லாம் மஞ்சளாக ஆடும். சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக வீட்டுக்கு நடப்போம். எங்கள் துணியில் மர வாசம் அடிக்கும். கடைத்தெருவில் எதிரே வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். லீவு நாளில்கூட என் காதுக்குள் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது நினைத்தால் அந்தச் சத்தத்துக்கே ஏக்கமாக இருக்கிறது.

தம்பி எங்களோடுதான் இருந்தான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. கல்யாணம் பேசும்போதே, "மாப்ளை தனியா எங்க போவான், முன் ரூம்ல இருக்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். ராத்திரி நான் தூங்கிப்போன பிறகும் முன் அறையில் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னதான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அவ்வப்போது சிரிப்பு மட்டும் கேட்கும்.

அப்படியிருந்தவர்கள்தான் ஒரே தட்டில் பிரிந்தார்கள்.

ஒரு நாள் கலம் மாற்றுகிற நேரம். தம்பி கீழே இருந்து தட்டினான், இவர் மேலே திருப்பினார். கலத்தில் காற்று இருந்தது. கெட்டில் பொங்கி, நாள் முழுக்க வடித்தது கழுநீராகிவிட்டது. மேனேஜர் ஓடிவந்தார். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும், அதனால் அவரை இடி என்போம். "யார் தப்பு?" என்று இடி இடித்தது. நான் மூன்று தட்டினேன், பொறு என்றுதான் சொன்னேன் என்றான் தம்பி. இரண்டுதான் கேட்டது என்றார் இவர். அத்தோடு விட்டிருக்கலாம். எல்லோரும் சுற்றி நிற்கும்போது மனிதனுக்கு வாய் நிற்குமா?

"அவருக்குக் காது போச்சு சார். அந்தக் காதை வெச்சுக்கிட்டு மேல நிக்கறதே ஆபத்து" என்றான் தம்பி.

"இவன் பொய் சொல்றான் சார்" என்றார் இவர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடங்கினார்கள். சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது போலிருக்கிறது. ஆபரேட்டரைப் பார்த்துக் காது கேட்காது என்பதும், அந்தப் பயலைப் பார்த்துப் பொய்யன் என்பதும், என் வீட்டு நிம்மதியைப் பெருக்கிக் குப்பையோடு கொட்டுவதும் ஒன்றுதான். மூன்றாவது தட்டு எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தம்பி கை தவறியிருக்கலாம், இவர் காது தவறியிருக்கலாம், பம்ப் விழுங்கியிருக்கலாம். எனக்கு அதைப்பற்றி அக்கறையும் இல்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஓடியது.

இடி ஒரு காரியம் செய்தார். இனிமேல் சந்தேகமான தட்டு எது வந்தாலும் ஒரு வால்வையும் தொடக்கூடாது, கீழே இருப்பவன் படியேறி மேலே போய் நேரில் கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டார். "ரெண்டு தரம் ஏறி இறங்கினா தானா பேசிருவாங்கம்மா" என்று என்னிடம் கண்ணடித்தார். யாரிடம்? இவர்கள் ஒருவனுக்கு ஒருவன் சளைத்தவனா? சந்தேகம் வந்தால்தானே ஏற வேண்டும், சந்தேகமே வராமல் தட்டினால்? அதற்குப் பிறகு அவர்கள் தட்டியது போல் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள். நிறுத்தி, இடைவெளி விட்டு, அளந்து. ஒரு தடவைகூடத் தவறவில்லை, ஒரு சொட்டுகூட வீணாகவில்லை. சண்டை போட்ட பிறகு வேலை பிரமாதமாக நடக்கிறது என்று இடிக்கே பெருமையாகிவிட்டது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அந்தக் குழாய் மட்டும் இல்லையென்றால் ஒரே வாரத்தில் வாயைத் திறந்திருப்பார்கள். வாயே இல்லாமல் பிழைத்துக்கொள்ள வழி செய்து கொடுத்தது அதுதான். போகும்போதும் வரும்போதும் அதை முறைத்துவிட்டுத்தான் போவேன்.

வீட்டில் குழாய் இல்லை. அதற்குப் பதில் நான் இருந்தேன்.

"அவன் குடை எடுத்துட்டுப் போறானான்னு கேளு."

"குடை எடுத்துட்டுப் போறியாடா?"

"மழை வராதுன்னு சொல்லுக்கா."

"மழை வராதாம்."

"வரும்னு சொல்லு."

இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே பாயில், ஒருவர் முட்டி இன்னொருவர் மேல் படாத குறையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான் தபால்காரி. ஒருநாள் சலித்துப்போய், "நான் குளிக்கப் போறேன், அதுவரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடுங்க, போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது சொன்னபடியே மூச்சு மட்டும்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

லேபிலும் இதே கூத்துதான். எண்ணெய் வடியும்போது முதலில் காரமான வாசத்தோடு ஒன்று வரும், அது ஆகாது. பிறகுதான் நல்லது வரும். எந்த இடத்தில் கலத்தை மாற்றுவது என்பதை மெஷின் பாதிதான் சொல்லும், மீதியை மூக்குதான் சொல்ல வேண்டும். காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு இரண்டு ஆபரேட்டர்களும் மோந்து பார்த்துச் சரி என்றால்தான் மாற்றலாம் என்பது எங்கள் வழக்கம். இவர் மோந்துவிட்டு என்னைப் பார்ப்பார். "காரம் போயிருச்சு." தம்பி மோந்துவிட்டு என்னைப் பார்ப்பான். "இன்னும் கொஞ்சம் இருக்கு." நான் சுவரைப் பார்ப்பேன். கடைசியில் இருவர் மூக்கும் ஒத்துப்போய்விடும். ஒருதரமும் ஒத்துப்போகாமல் இருந்ததில்லை. மூக்கு இரண்டும் சொந்தம் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தன, வாய்தான் வீம்பு பிடித்தது.

இந்த நிலைமையில்தான் தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. வெளியூர் என்றால் பக்கத்து ஊரல்ல. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பஸ்ஸில் போய், அங்கிருந்து கப்பலேற வேண்டும். பெரிய தொழிற்சாலை, கலங்களே வீடு உயரமாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சந்தோஷப்பட்டேன், ராத்திரியில் அழவும் செய்தேன். போகிறானே என்று மட்டும் அழவில்லை. இப்படியே போனால் அவன் திரும்பி வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவன் பிடிவாதம் என் பிடிவாதத்துக்குத் தம்பி. இங்கே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்குமாவது இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே வந்துதான் ஆக வேண்டும். அங்கே போய்விட்டால், முகம் கொடுத்துப் பேசாத மனிதர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு வருவான்? எனக்கு இருக்கிற ஒரே பிறந்தகம் அந்தப் பயல். கிளம்புவதற்கு முன் இருவரும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நேருக்கு நேர் பேசிவிட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரரிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா? கல்லா நீங்க?"

"நான் என்ன சொன்னேன்? போகட்டும். நல்லா இருக்கட்டும்."

"அதை அவன்கிட்ட சொல்லுங்க."

"நீ சொல்லிரு."

தம்பியிடம் போனேன். "நீ சின்னவன்டா. நீ இறங்கி வந்தா ஒண்ணும் குறைஞ்சிர மாட்டே."

"அவர் என்னைப் பொய்யன்னாருக்கா."

"நீ அவரைச் செவிடன்னியேடா!"

"அதான் சொல்றேன். அவருக்குத்தான் கேக்காதே, நான் பேசி என்ன ஆகப்போகுது?"

இப்படி ஒரு பதில் சொன்னால் அவனை என்ன செய்வது? அடிக்கிற வயசும் தாண்டிவிட்டது.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காலையில் பஸ். பேக்கிங் பெண்கள் தம்பிக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தார்கள். இடி ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார், சின்னது என்பதால் அந்தத் தெருவோடு நின்றது. வீட்டுக்காரர் மட்டும் மேலேயிருந்து இறங்கவே இல்லை. டீயைக்கூட மேலே வரவழைத்துக் குடித்தார். கெட்டிலைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் முதுகைப் பார்த்தே எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

மத்தியானம், நல்ல எண்ணெய் சுறுசுறுப்பாக இறங்குகிற நேரம். ஓடிக்கொண்டிருந்த ரிசீவர் கழுத்துவரை வந்துவிட்டது. தம்பி மற்றக் கலத்தைக் காலி செய்து, காற்றை உறிஞ்சி எடுத்து, வேக்குவம் காட்டுகிற முள்ளைப் பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். டங். டங். அளந்து வைத்த இரண்டு தட்டு. அவனுடைய கடைசித் தட்டு அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே என் வீட்டுக்காரர் லீவர் மேல் கை வைத்தார். அவர் திருப்ப வேண்டும், ஒரு தட்டு தட்ட வேண்டும், கதை முடிந்தது. அவர் திருப்பவில்லை. லீவரிலிருந்து கையை எடுத்து ஸ்பேனரைத் தூக்கினார். குழாயைத் தட்டினார். ஒன்றா, இரண்டா? நான் எண்ண முயன்று விட்டுவிட்டேன். அந்த ஆள் படபடவென்று, கணக்கே இல்லாமல், கதவை உடைக்கிறவர் மாதிரி அடித்தார்.

கீழே தம்பி அப்படியே நின்றான். குழாயைப் பார்த்தான். ஏதோ தவறு என்று நினைத்தானோ என்னவோ, மறுபடியும் நிதானமாக இரண்டு தட்டினான். மேலே இருந்து மறுபடியும் அதே படபடப்பு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாக ஒரு சந்தேகத் தட்டு தட்டாத மனிதர் இப்போது வேண்டுமென்றே தட்டுகிறார்! தானாக இறங்கி வந்து பேச அவருடைய வீம்பு விடவில்லை. இவன் தானாக ஏறிப்போக இவனுடைய வீம்பு விடாது. ஆனால் புரியாத தட்டு வந்தால் ஏறித்தான் ஆக வேண்டும், அது சட்டம். சட்டத்துக்காக ஏறுகிறவனுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? அடப்பாவி மனுஷா, இந்த மூளை இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பம்ப் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

தம்பிக்கும் புரிந்திருக்க வேண்டும். ஸ்பேனரைக் கீழே வைத்தான். கந்தைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். என் லேபைத் தாண்டித்தான் படி போகிறது, என் பக்கம் திரும்பாமல் ஏறினான். காது மடல் சிவந்திருந்தது.

மேலே போய் அவர் எதிரில் நின்றான். அவன் வாய் அசைந்தது. 'என்ன?' என்று கேட்டிருப்பான், வேறு என்ன கேட்பான்? அவர் காதுக்குக் கையைக் கொடுத்துக் குனிந்தார். அவன் அந்தக் காதில் வாயை வைத்து மறுபடியும் சொன்னான். பிறகு இவர் அவன் காதில் சொன்னார். பிறகு அவன். கை ஆடியது, தலை ஆடியது. இவர் நெஞ்சில் குத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அவன் இல்லையென்று தலையாட்டி, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அடிக்கப்போகிறான் என்று எழுந்தேன். அடிக்கவில்லை, பிடித்த சட்டையை விடாமல் பேசிக்கொண்டே போனான்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோது கீழ்த்தளம் காலியாக இருந்தது. ரிசீவர் கண்ணாடியில் எண்ணெய் மட்டம் கழுத்தையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினேன்.

கலத்துக்கு எதிரே நின்றேன். மஞ்சள் எண்ணெய், சுத்தமான நல்ல எண்ணெய், கண்ணாடியின் உச்சியை நெருங்கிவிட்டது. அதற்கு மேலே பம்புக்குப் போகிற குழாய்தான். லீவரைத் திருப்பினால் போதும். அந்த லீவர் மேலே என் வீட்டுக்காரரின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, அவர்தான் அதை மறந்துபோனார். தம்பி வைத்துவிட்டுப்போன ஸ்பேனரை எடுத்தேன். ஒரே ஒரு அடி அடித்தால் இரண்டு பேரும் துள்ளி ஓடிவருவார்கள், எத்தனை வருஷப் பழக்கம்! ஓடிவந்து, திருப்பி, மாற்றி, காலி செய்து, மணி அடித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பேச்சு எங்கே அறுந்ததோ அங்கேயே நிற்கும். மறுபடி அதை யார் எடுத்து முடிச்சுப் போடுவார்கள்? மறுபடி புரியாத தட்டுத் தட்டினாலும் ஏறிப்போக நாளை இவன் இங்கே இருக்கமாட்டான்.

நான் தட்டவில்லை. ஸ்பேனரை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ரிசீவர் எதற்கு இருக்கிறது, பம்ப் போனால் என்ன ஆகும், எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். பம்புக்கு வேறு பம்ப் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கண்ணாடியில் மட்டம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் பம்ப் ஒரு மாதிரி விக்கியது. புகைபோக்கியில் வெள்ளையாகப் புகை கிளம்பியது. ஷெட் முழுக்க மர வாசம் ஒரேயடியாக நிரம்பியது. இரண்டு தரம் இருமி, ஒரு தரம் முனகி, பம்ப் நின்றுவிட்டது.

எத்தனையோ வருஷமாக நான் அந்த ஷெட்டில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. பம்ப் நின்றதை மேலே இருந்தவர் கவனிக்கவே இல்லை. அது ஓடுகிற நினைப்பிலேயே தொண்டை கிழியக் கத்தினார். ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"நீ போயிட்டா அப்புறம் நான் யார்கூடடா பேசுவேன்?"

மூன்று வருஷமாக ஒரு எழுத்துகூடப் பேசாத மனிதர் கேட்கிற கேள்வியா இது! பேக்கிங் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. நான் அந்தக் குழாயைச் சபித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் அதன் வழியாக மாப்ளையோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த ஒரு தட்டும் இரண்டு தட்டும் அவருக்குப் பேச்சாகத்தான் இருந்திருக்கின்றன. அந்த வீட்டில் நான் ஒருத்தி பேச இருக்கிறேனே, என்னைக் கணக்கிலேயே சேர்க்கவில்லையே என்று ஒரு பொறாமையும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பி ஏதோ பதில் சொன்னான். பம்ப் நின்றது அவனுக்குத் தெரிந்துவிட்டதால் குரலைத் தாழ்த்திச் சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவர் கை தானாகப் போய், கெட்டிலைச் சூடாக்குகிற நீராவியை மூடியது. இன்னொரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இடி ஓடிவந்தார். புகையைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், நிரம்பி நின்ற ரிசீவரைப் பார்த்தார், அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"நீங்க இங்கதான் நின்னீங்களா?"

"ஆமா சார்."

"பாத்துக்கிட்டே நின்னீங்களா?"

"ஆமா சார்."

"ஒரு தட்டு தட்டியிருக்கக்கூடாதா?"

"அவங்க பேசிக்கிட்டிருந்தாங்க சார்."

அவர் கத்த வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மேலே பார்த்தார்.

"யாரு? அவங்க ரெண்டு பேருமா? நேர்லயா?"

"நேர்லதான் சார்."

இடி பக்கத்திலிருந்த காலி பீப்பாய் மேல் உட்கார்ந்தார். "பம்ப் பழசுதான்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அவர்கள் முன்னால், நான் பின்னால். ராத்திரி முன் அறையில் விளக்கு எரிந்தது. எப்போது அணைத்தார்கள் என்று தெரியாது, நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். பின்னாளில் இருவரையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தேன், மேலே அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று. "ஒண்ணுமில்ல, சும்மா" என்றார் அவர். "சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா" என்று போனில் சிரித்தான் அவன்.

காலையில் பஸ் நிலையத்துக்குப் போனோம். எனக்குத் தம்பியிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்ல வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதையும் சேர்த்து நான்தான் சொல்ல வேண்டும். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவர்கள் எங்கே இடம் கொடுத்தார்கள்? அந்த ஊர் ரிசீவர் எப்படி இருக்கும், இரண்டா நான்கா, தட்டுவார்களா மணி அடிப்பார்களா, கீழே நிற்காதே மேல்வேலை கேட்டு வாங்கு, தலையணை எடுத்தியா, என் சட்டை எங்கேடா, அதை நீ போட்டிருக்கியே, இருக்கட்டும் போட்டுக்கோ. ஒருவர் நிறுத்தினால் மற்றவர். நான் மூன்று முறை வாயைத் திறந்தேன், மூன்று முறையும் மூடிக்கொண்டேன்.

டிரைவர் ஹாரன் அடித்தார். தம்பி ஏறினான். ஜன்னல் வழியாக என் கையை எட்டிப் பிடித்தான். பிடித்த கையை விடாமலே அவரோடு பேசினான். பஸ் நகர்ந்தது, கை நழுவியது. இவர் ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டே ஏதோ சொன்னார், அவன் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்தினான்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்க என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நிஜமான கவலையோடு கேட்டார்:

"ஏன், நீ அவன்கிட்ட ஒண்ணுமே பேசலையே?"